வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு கூத்துக் கொப்பி

கல்லடியில் இருக்கும் என் மாமாவின் வீட்டு அலுமாரியில் நீல மட்டை போட்ட சீஆர் கொப்பி ஒன்று இருக்கிறது. பாரதப் போரைச் சொல்லும் வடமோடிக் கூத்து (மட்டக்களப்புக் கூத்தின் இரண்டு பாணிகளில் ஒன்று வடமோடி) ஒன்று, காப்புப் பாடல் தொடங்கி மங்களம் வரைக்கும், அதில் அவருடைய சாய்ந்த கையெழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது. இடையிடையே நாலு வரி, ஆறு வரி என்று வெற்றிடம் விடப்பட்டு, அந்த இடத்தில் யாருடைய வரவு (களத்துக்குள் வரும்போது பாடும் பாட்டு), யாருடைய தரு (பாத்திரங்கள் பாடும் பாட்டு) வரவேண்டும் என்பது மட்டும் ஓரத்தில் சிறிய எழுத்தில் குறிக்கப்பட்டிருக்கிறது. வைகாசிப் பூரணையை ஒட்டி வந்த நீண்ட விடுமுறைக்கு, வீணை படிக்கும் என் பதினான்கு வயது மகளை அழைத்துக்கொண்டு கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குப் போனபோது, கடற்கரையையும் வாவியையும் அவளுக்குக் காட்டுவதுதான் என் எண்ணமாக இருந்தது. திரும்பி வந்தபின் எழுத உட்கார்ந்தால் முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கொப்பியின் வெற்றிடங்களே.

இரவு ரயிலில் ஏறி விடியற்காலையில் இறங்கினோம். மட்டக்களப்பு என்பது தண்ணீருக்குள் இருக்கும் ஊர். வடக்குத் தெற்காக 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் வாவி நிலத்தை இரண்டாகப் பிரிக்கிறது. சூரியன் எழும் பக்கத்தை எழுவான்கரை என்றும், அது படும் பக்கத்தை, வயலும் குளமும் காடுமாக உள்ளே விரியும் பக்கத்தை, படுவான்கரை என்றும் எங்கள் மக்கள் அழைக்கிறார்கள். இத்தனை அழகான இரண்டு இடப்பெயர்கள் வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பட்டணத்தின் நடுப்பகுதியான புளியந்தீவு பெயருக்கேற்பத் தீவேதான். அங்கே போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை இருக்கிறது. 1814இல் வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த மிசனரி வந்திறங்கிய துறையில் ஒரு வாயிலும் அவருடைய சிலையும் இருக்கின்றன. அதே ஆண்டில் தொடங்கிய மத்திய கல்லூரி இன்றும் நடக்கிறது. இவற்றையெல்லாம் ஒரு காலைப்பொழுதில் நடந்தே பார்த்து முடித்துவிடலாம். நாங்களும் அப்படித்தான் பார்த்தோம். காந்திப் பூங்காவின் நிழலில் உட்கார்ந்து, கடையில் வாங்கிய முட்டித் தயிரில் பாணியை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுக் கல்லடிக்குப் புறப்பட்டோம்.

கல்லடிப் பாலம் இப்போது இரண்டு. 1920களில் ஆங்கிலேயர் கட்டிய, லேடி மன்னிங் பாலம் என்று பெயர் சூட்டப்பட்ட பழைய இரும்புப் பாலமும், அதன் பக்கத்திலேயே 2013இல் திறக்கப்பட்ட அகலமான புதிய பாலமும். நான் சிறுமியாக அம்மாவோடு வந்த காலத்தில் பழைய பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனங்கள் மட்டுமே போக முடியும். ஆரையம்பதிக்குப் போகும் பஸ் பாலத்தின் வாயில் நின்று காத்திருக்கும்போது, யன்னலால் எட்டிப் பார்த்தால் கீழே வீச்சுவலை எறிபவர்கள் தெரிவார்கள். இன்று அந்தப் பாலத்தில் கால்நடையாகப் போகிறவர்களும் சைக்கிள்காரரும் மாலைக் காற்று வாங்க வருகிறவர்களும்தான். பாலத்தின் மறுபுறத்தில் மாமா சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். எழுபத்திரண்டு வயதிலும் நிமிர்ந்த முதுகு. வடமோடியில் பாரமான முடியையும், வளையங்களின் மேல் துணியை விரித்துக் கட்டும் கரப்புடுப்பையும் சுமந்துகொண்டு இரவு முழுவதும் ஆடிய உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று அம்மா சொல்வார்.

அன்று பூரணை. இரவு பத்து மணிக்குப் பிறகு, மாமாவுக்குத் தெரிந்த மீன்பிடிகாரர் ஒருவருடைய தோணியில் பழைய பாலத்தின் அடியில் போய் நின்றோம். மட்டக்களப்பை மீன் பாடும் தேன்நாடு என்று பாடப்புத்தகத்திலும் பஸ்ஸின் நெற்றியிலும் எழுதி வைத்திருக்கிறோம். ஆனால் அந்தப் பாட்டைத் தம் காதால் கேட்டவர்கள் எங்கள் குடும்பத்திலேயே சிலர்தான். துடுப்பின் அகன்ற முனையைத் தண்ணீருக்குள் நட்டு, மறு முனையைக் காதில் பொருத்த வேண்டும். முதலில் தோணியின் பக்கத்தில் தண்ணீர் அடிக்கும் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு புதிய பாலத்தில் ஒரு லொறி போனால் அந்த அதிர்வு கேட்கும். அரை மணித்தியாலத்துக்கு மேல் பொறுத்திருந்தோம். வீதி அடங்கிய ஒரு வேளையில் மகள் சட்டென்று கையை உயர்த்தி எங்களைப் பேசவேண்டாம் என்று காட்டினாள். பிறகு துடுப்பு என் காதுக்கு வந்தது. வீணையின் தந்தியை ஒருமுறை மீட்டிவிட்டு, அந்த நாதம் முற்றாக அடங்கும் முன் குடத்தில் காதை வைத்தால் உள்ளே ஒரு முரல் நீண்டு மெலிந்துகொண்டு போகுமல்லவா, அதைப் போல ஒன்று. ஆனால் அடங்காமல், ஓரிடத்தில் ஒன்றும் சற்றுத் தள்ளி வேறு சுருதியில் இன்னொன்றுமாக நின்றுகொண்டிருந்தது.

"என்னகா புள்ள, பாடுதா?" என்று மாமா கேட்டார். மகள் தலையை மட்டும் ஆட்டினாள்.

1848ஆம் ஆண்டு செப்டெம்பரில் இதே வாவியில் இதே ஒலியைக் கேட்ட எமர்சன் டெனன்ற் என்ற பிரித்தானிய அதிகாரி, நனைந்த விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் நாதத்தை அதற்கு ஒப்பிட்டு எழுதி வைத்திருக்கிறார். அன்றைய மீன்பிடிகாரர் அவரிடம் சொன்ன பெயரையும் அவர் தம் காதில் விழுந்தபடி குறித்திருக்கிறார்: ஊரி குழறுகிறது என்பதே அது. ஊரி என்பது வாவியின் அடியில் வாழும் சிறு நத்தை வகை. குழறுவது என்றால் எங்கள் பேச்சில் வாய்விட்டு அழுவது. மீன் பாடுகிறது என்று பின்னாளில் பெருமையோடு சொல்லப்பட்டதை, தண்ணீரில் கிடந்து உழைத்தவர்கள் ஊரி அழுகிறது என்றே கேட்டிருக்கிறார்கள். ஒலியை எழுப்புவது மீனா ஊரியா என்பதைவிட, ஒரே ஒலியை ஒரே ஊரார் பாட்டாகவும் அழுகையாகவும் கேட்டு இரண்டையும் காத்து வைத்திருப்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. கரைக்கு வரும் வழியில் தோணிக்காரர், பாலத்தில் வாகனம் கூடிய பிறகு இங்கே கேட்பது அரிதாகிவிட்டது என்றும், பட்டணத்திலிருந்து ஆட்களை ஏற்றி வந்து ஒன்றும் கேட்காமல் திரும்பிய இரவுகளே அதிகம் என்றும், கூலி வாங்கக் கூச்சப்பட்டவராகச் சொன்னார்.

மறுநாள் காலையில் கல்லடிக் கடற்கரைக்கு நடந்தோம். மாமாவின் வீட்டிலிருந்து வாவிக்கு எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவே கடலுக்கும். மட்டக்களப்பை எழிலாக்குவது எதுவோ அதுவே 2004 டிசம்பர் 26இல் அதை அழித்தது. முன்னால் கடல், பின்னால் வாவி, ஓடுவதற்கு இடமில்லை. கடற்கரைத் திருச்செந்தூர் முருகன் கோயிலின் கோபுரம் அன்று சாய்ந்தபடியே இன்றும் நிற்கிறது. வடக்கே நாவலடிப் பக்கத்தில் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். கோபுரத்தை ஒளிப்படம் எடுக்க வந்திருந்த ஒரு கூட்டத்துக்குப் பின்னால் நின்று மாமா கடலைப் பார்த்தபடியே பேசினார். அவருடைய பழைய வீடு கரையிலிருந்து முந்நூறு மீற்றர் உள்ளே இருந்தது. வீட்டாட்கள் அன்று காலை ஆரையம்பதிக்குப் போயிருந்ததால் உயிர் தப்பினார்கள். வீடு போயிற்று, வீட்டோடு ஒரு தகரப் பெட்டியும் போயிற்று. அந்தப் பெட்டிக்குள் அவருடைய அண்ணாவியார், அதாவது அவருக்குக் கூத்துப் பழக்கிய ஆசான், தம் கையால் கொடுத்த கூத்துக் கொப்பி இருந்தது. அண்ணாவியார் அதை ஏட்டைப் பார்த்து எழுதியவர். ஏடு அவருக்கு முன்பே செல்லரித்துப் போய்விட்டது. ஆக, அந்த ஊரில் அந்தக் கூத்தின் எழுத்து வடிவம் அந்தக் கொப்பி ஒன்றுதான்.

இரண்டு ஆண்டுகள் கூத்து என்ற பேச்சையே தாம் எடுக்கவில்லை என்றார். மூன்றாம் ஆண்டில், ஒரு திவச வீட்டில், தம்மோடு ஆடிய பழைய கூட்டாளி ஒருவர் தன்னை மறந்து ஒரு தருவை முணுமுணுத்தபோது, அடுத்த வரி மாமாவின் வாயில் தானாக வந்ததாம். அன்றிரவே ஒரு சீஆர் கொப்பி வாங்கி வந்து எழுதத் தொடங்கியிருக்கிறார்.

இது எப்படி இயலும் என்று மகள் கேட்டாள். ஒரு நாடகத்தில் நடிக்கிறவருக்குத் தம் பங்கு மட்டும்தானே மனப்பாடம் ஆகியிருக்கும்? கூத்து அப்படியல்ல. ஒருவர் ஒரு வரியைப் பாடினால், பிற்பாட்டுக்காரர் அதை வாங்கித் திரும்பப் பாடுவார்கள். களரியில், அதாவது கூத்து ஆடும் வட்டத்தில், நிற்கும் மற்றவர்களும் சேர்ந்துகொள்வார்கள். சட்டம் கொடுத்து, அதாவது யாருக்கு எந்தப் பங்கு என்று தீர்மானித்து, அன்று தொடங்கினால் மாதக்கணக்கில் இரவு இரவாகப் பழக்கம் நடக்கும். அப்படிப் பழகிய ஒவ்வொருவர் தொண்டையிலும் கூத்து முழுவதும் தங்கிவிடுகிறது. ஆகவே கொப்பியைக் கடல் கொண்டுபோனாலும் கூத்து இருபது பேரிடம் துண்டு துண்டாக இருந்தது. மாமா சைக்கிளில் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் ஒவ்வொருவராகத் தேடிப்போனார். ஒருவரிடம் வரவுப் பாட்டு, இன்னொருவரிடம் விருத்தம், மற்றொருவரிடம் தாளக்கட்டு மட்டும், சொல் இல்லை. சிலர் கடலோடு போய்விட்டார்கள், சிலர் போரில் போய்விட்டார்கள். யாரிடமும் கிடைக்காத இடங்கள்தான் அந்த வெற்றிடங்கள். தாமே எதுகை மோனை பார்த்து நிரப்பியிருக்கலாமே என்று நான் சொன்னதற்கு அவர் முகம் சுளித்தார். "அது நம்மட சொல் இல்லையே, மகள்" என்றார்.

அன்று மாலை, சொல்லி வைத்தாற்போல, கல்லடி உப்போடைக்குப் போனோம். 1929இல் நிறுவப்பட்ட சிவானந்த வித்தியாலயத்தின் வளவில்தான் சுவாமி விபுலானந்தரின் சமாதி இருக்கிறது. பக்கத்திலேயே அவருடைய பெயர் தாங்கிய அழகியற் கற்கைகள் நிறுவகம், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாக, இசையும் நடனமும் நாடகமும் கட்புலக் கலையும் கற்பிக்கிறது. விடுமுறை நாளிலும் மதிலுக்கு உள்ளே யாரோ ஒருவர் மிருதங்கத்தில் ஒரே கோர்வையைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பிழை திருத்திக்கொண்டிருந்தார்.

விபுலானந்தரை நாங்கள் துறவியாக, ஆசிரியராக, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக அறிவோம். அன்று அந்தச் சமாதியின் முன் நின்றபோது எனக்குத் தோன்றியது வேறு: அவரும் மாமாவைப் போல ஒரு தொலைந்த கொப்பியைத் திரும்ப எழுதியவர். தமிழரின் யாழ் நூற்றாண்டுகளுக்கு முன்பே வழக்கொழிந்துபோனது. பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று பெயரும் எண்ணும் உரைகளில் எஞ்சியிருந்தனவே தவிர, அதைச் செய்யவோ மீட்டவோ தெரிந்த கை ஒன்றும் எஞ்சியிருக்கவில்லை. அவர் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை எடுத்துக்கொண்டார். லண்டன் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானப் பட்டம் பெற்றவராதலால், பழைய இசைச் சொற்களுக்குப் பின்னால் நரம்பின் நீளமும் அதிர்வின் விகிதமும் இருப்பதைக் கண்டு கணக்காகவே போட்டுப் பார்த்தார். பல ஆண்டு உழைப்பின் பின் யாழ் நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில், அந்த நூலின்படி செய்த யாழ்களின் இசையோடு, அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் திகதி அவர் காலமானார்.

இதை மகளுக்கு விளக்கச் சொல் தேடிக்கொண்டிருந்தபோது அவளே எனக்கு விளக்கினாள். வீணைத் தந்தியில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, மூன்றில் இரண்டு பங்கு மட்டும் அதிரும்படி அழுத்தினால் சட்சத்திலிருந்து பஞ்சமம் வந்துவிடும் என்று காற்றில் கையை நீட்டிக் காட்டினாள். அந்தச் சட்சம்தான் பழந்தமிழில் குரல், அந்தப் பஞ்சமம்தான் இளி. குரலும் இளியும் என்ற இரண்டு சொற்களையும் நான் பல்கலைக்கழகத்தில் பரீட்சைக்காகப் படித்திருக்கிறேன். அவை ஒரு பிள்ளையின் கையளவில் இருக்கும் இரண்டு இடங்கள் என்பதை உப்போடையில்தான் உணர்ந்தேன்.

மூன்றாம் நாள் தெற்கு நோக்கிய பயணம். கல்லடியிலிருந்து கல்முனைக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர். காத்தான்குடி, ஆரையம்பதி, தாழங்குடா, குருக்கள்மடம், செட்டிபாளையம், களுவாஞ்சிக்குடி என்று ஊர்கள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தபடி வரும். எது எங்கே முடிகிறது என்பது பஸ்ஸில் போகிறவருக்குத் தெரியாது. பள்ளிவாசலும் கோயிலும் தேவாலயமும் மாறி மாறி வரும்போதுதான் ஊர் மாறியதை அறியலாம். இந்தக் கரை முழுவதும் வைகாசியில் கண்ணகை அம்மனுக்கு உரியது. பல கண்ணகை அம்மன் கோயில்களில் ஆண்டுக்கு ஒருமுறை இந்த நாட்களில் மட்டுமே கதவு திறக்கப்படும். மதுரையை எரித்தவளின் உக்கிரத்தைத் தணிக்க, இறுதி நாளில் குளிர்த்தி பாடுவார்கள். செட்டிபாளையத்தில் பஸ்ஸால் இறங்கி ஒரு மணித்தியாலம் நின்றோம். பக்கத்து ஊர்களிலிருந்து வந்த பெண்கள் பாய்களை விரித்துச் சனத்துக்கு நடுவே பிள்ளைகளை உறங்க வைத்திருந்தார்கள். உள்ளே கண்ணகி வழக்குரை பாடும் குரல் ஒலிபெருக்கியில் கரகரத்துக்கொண்டிருந்தது. சிலம்பு உடைத்த கதையை இளங்கோவடிகளின் நூலில் படித்தவர்கள் ஒரு சிலர். ஆனால் இந்தப் பாயில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் அது தெரியும், தம் வீட்டில் நடந்த வழக்கைப் போலவே தெரியும்.

மருதமுனையில் தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஒரு ஒழுங்கைக்குள் நுழைந்தோம். இங்கே முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கைத்தறி நெய்கின்றன. சாரனும் சேலையும் இந்த ஊரின் பெயராலேயே விலைபோகின்றன. வீட்டுத் திண்ணையோடு ஒட்டிய கொட்டிலில் நெய்துகொண்டிருந்த ஒரு தாத்தா எங்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். (தாத்தா என்பது இங்கே மூத்த சகோதரி, இதை மகளுக்கு முதலில் சொல்லி வைக்காததால் அவள் சற்றுத் திகைத்துப்போனாள்.) காலால் மிதித்தால் பாவு நூல் இரண்டாகப் பிரிகிறது, கை இழுத்தால் நூற்குழலோடு ஓடக்கட்டை பாய்கிறது, பலகை வந்து ஒரு அடி அடிக்கிறது, இந்த மூன்றுக்கும் நடுவில் அவருக்கு எங்களோடு பேசவும் நேரம் இருந்தது. ஒரு இழை அறுந்தபோது மட்டும் பேச்சை நிறுத்தி, இரண்டு நுனிகளையும் எச்சில் தொட்டு முறுக்கி, கண்ணுக்கே தெரியாத ஒரு முடிச்சைப் போட்டுவிட்டு மறுபடியும் மிதித்தார். அந்த முடிச்சு துணியில் எங்கே இருக்கிறது என்று மகள் விரலால் தடவித் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. பொல்லடி பற்றிப் பேச்சு வந்தது. இரண்டு கையிலும் பொல்லைப் பிடித்து வட்டமாகச் சுற்றி ஆடும் முஸ்லிம் ஆண்களின் அந்த ஆட்டமும், எங்கள் ஊர்களின் வசந்தன் கோலாட்டமும் பார்ப்பதற்கு ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான். இடையில் வந்த போர்க்காலத்தில் நடந்த எத்தனையோ கொடுமைகளால் இந்த இரண்டு வட்டங்களும் ஒன்றையொன்று பார்க்காமல் ஆட வேண்டியதாயிற்று என்பது என் மனதில் ஆறாத வருத்தம். நாங்கள் இரண்டு சாரன் வாங்கினோம், ஒன்று மாமாவுக்கு.

காரைதீவுக்குக் கல்முனையைத் தாண்டிச் சிறிது தூரம்தான். 1892 மார்ச் 27இல் சாமித்தம்பிக்கும் கண்ணம்மைக்கும் மகனாக மயில்வாகனன் பிறந்த ஊர் இது, பின்னாளில் விபுலானந்தரானவர். அவர் பிறந்த இடத்தையும், இந்த ஊரின் கண்ணகை அம்மன் கோயிலையும் ஒரே நடையில் பார்க்கலாம். கோயிலில் சடங்குக் கூட்டம். நெரிசலில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது என் மனதில் இருந்த ஒரு கேள்வி அவிழ்ந்தது. பௌதிகம் படித்த ஒருவர் யாழைத் தேடிச் சிலப்பதிகாரத்துக்கு ஏன் போனார்? இந்தக் கோயிலில் வைகாசி தோறும் கண்ணகையின் பாட்டைக் கேட்டு வளர்ந்த, தாயின் பெயரிலும் அந்தப் பெயரின் சாயலைக் கேட்ட ஒரு பிள்ளைக்கு, அந்தக் காப்பியம் அறிஞர்களின் நூலாவதற்கு முன்பே ஊர்க் கதையாக இருந்திருக்கும். இது என் ஊகம்தான். ஆனால் அந்த மத்தளச் சத்தத்தின் நடுவில் நின்ற எவருக்கும் அது தோன்றும். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலையும், அங்கே பாரதக் கதை பதினெட்டு நாள் சடங்காக நடந்து தீமிதிப்பில் முடிவதையும், திருக்கோவிலில் கடலின் வாயிலேயே நிற்கும் சித்திரவேலாயுத சுவாமி கோயிலையும் பற்றித் தனியாக எழுத வேண்டும். இம்முறை அவற்றை வீதியிலிருந்தே கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம், ஏனென்றால் அன்றிரவு மாமா எங்களைக் கூத்துப் பழக்கத்துக்கு வரச் சொல்லியிருந்தார்.

அது ஒரு கோயில் வளவு. ஒரு மின்குமிழ், அதைச் சுற்றிப் பூச்சி. மணலில் பல இரவுகளின் கால் பட்டு ஒரு வட்டம் பதிந்திருந்தது. மழை பெய்தாலும் அந்த வட்டம் கண்ணுக்குத் தெரியும் என்று ஒரு பையன் சொன்னான். நடுவில் அண்ணாவியார் மத்தளத்தோடு, பக்கத்தில் சல்லரிக்காரர். பதினைந்து பதினாறு பேர், பெரும்பாலும் இருபது வயதுக்காரர். பகலில் மேசன் வேலைக்கும் கடைக்கும் வகுப்புக்கும் போகிறவர்கள். வாளுக்குப் பதிலாகக் கையில் கம்பு. கர்ணனுக்கு ஆடும் பையனின் வலது கால் "ததிங்கிணதோம்" என்று தாளம் விழும் இடத்தில் ஒரு மயிரிழை பிந்தியது. அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்தவில்லை, பேசவும் இல்லை. அந்தத் தாளக்கட்டையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தார். பையன் ஏழெட்டுத் தடவை சுற்றி வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியது. ஒன்பதாவதாக இருக்கும், கால் தாளத்தில் விழுந்தது. விழுந்த கணத்திலேயே மத்தளம் அடுத்த தருவுக்குத் தாவிவிட்டது. பாராட்டு என்று ஒன்று இருந்திருந்தால் அந்தத் தாவல்தான். அரங்கேற்றத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. விடிய விடிய ஆடி முடித்தபின் ஊருக்குள் வீட்டுக்கு வீடு போயும் ஆடுவார்கள்.

இடைவேளையில் பிளேன்டீ வந்தபோது அண்ணாவியார் ஒரு வருத்தத்தைச் சொன்னார். கடற்கரைப் பக்கத்து விடுதி ஒன்றிலிருந்து சென்ற ஆண்டு அழைப்பு வந்ததாம்; விருந்தினர் சாப்பிடும் நேரத்தில் பதினைந்து நிமிடம், உடுப்போடு, பாட்டைக் குறைத்து ஆட்டத்தைக் கூட்டி. காசு நல்ல காசு. ஒருமுறை போனார்கள், பிறகு பையன்களே வேண்டாம் என்றுவிட்டார்கள். கூத்தைச் சுருக்கவே கூடாது என்பது என் கட்சி அல்ல. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டக்களப்பு அண்ணாவிமாரின் துணையோடு இரவு நீளக் கூத்தை மேடைக்கு ஏற்ற அளவில் சுருக்கி, படித்தவர்கள் அதைக் கலையாக மதிக்கச் செய்தார். அவருடைய மாணவராக ஆடிய மட்டக்களப்பு அமிர்தகழியைச் சேர்ந்த சி. மௌனகுரு பின்னர் பேராசிரியராகி அந்த வழியை வளர்த்தார். அதற்கு மாறாகச் சீலாமுனையில் சி. ஜெயசங்கர் ஊர்மக்களோடு உட்கார்ந்து, மேடைக்குக் கொண்டுபோகாமல் களரியிலேயே வைத்து, கூத்துப் பிரதியில் பெண்ணையும் சாதியையும் இழிவாகச் சொல்லும் இடங்களைப் பேசித் திருத்தும் கூத்து மீளுருவாக்கத்தை நடத்தினார். இரண்டு வழிகளும் வேறு வேறு. ஆனால் இரண்டிலும் கூத்தை ஆடுகிறவர்களைக் கேட்டே கூத்தில் கை வைத்தார்கள். சாப்பாட்டு மேசைக்காகச் சுருக்குவதில் அந்தக் கேட்டல் இல்லை. மட்டக்களப்புக்கு வருகிறவர்கள் கூத்துப் பார்க்க விரும்பினால், தயவுசெய்து ஒரு பழக்க இரவுக்குப் போய் மணலில் உட்காருங்கள். எவரும் உங்களை எழுப்ப மாட்டார்கள், பிளேன்டீயும் தருவார்கள்.

மாமா அன்று நீலக் கொப்பியைக் கொண்டுவந்திருந்தார். பிள்ளைகள் ஆடுவது அந்தக் கூத்தைத்தான். போருக்குப் போகுமுன் கர்ணனிடம் அவன் மனைவி பாடும் தரு வரவேண்டிய இடத்தில் ஆறு வரி வெற்றிடம். அந்த இடத்தை மத்தளத்தால் மட்டும் நிரப்பிக் கடந்துகொண்டிருந்தார்கள். மாமா ஆடிய காலத்தில் பெண் பங்கையும் ஆண்களே ஆடினார்கள். அந்தப் பங்கை ஆடியவர் சுனாமியில் போய்விட்டார். மத்தளம் அந்த இடத்தைக் கடந்துகொண்டிருந்தபோது, கோயில் மடைப்பள்ளிப் பக்கத்தில் தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி தலை நிமிராமலே வாய்க்குள் பாடினார். முதலில் கேட்டது மகளுக்குத்தான். துடுப்பில் கேட்டவளும் அவள்தானே. அவள் என் கையைக் கிள்ளினாள், நான் மாமாவைக் கூப்பிட்டேன். மத்தளம் நின்றது.

பாட்டி வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தான் கூத்தாடியவள் இல்லை என்றும், குமரியாக இருந்த காலத்தில் இரவில் கிடுகு வேலிக்குப் பின்னால் நின்று கேட்டதுதான் என்றும் சொன்னார். மாமா அவருக்கு முன்னால் மணலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, "அக்கா, ஒருக்காப் பாடுங்க" என்றார். அவர் பாடினார். மூன்று வரி வந்தது. நாலாவது வரியின் தொடக்கச் சொல் வந்து நின்றுவிட்டது. இரண்டு தடவை முதலிலிருந்து தொடங்கியும் அதே இடத்தில் நின்றது. நித்திரையில் வந்தாலும் வரும், நாளைக்கு வாங்க என்று சொல்லிவிட்டுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனார்.

மாமாவின் கை நடுங்கியதால் கொப்பியை மகளிடம் கொடுத்தார். பேனாவைத் திறந்தவளிடம் பென்சிலை நீட்டி, படுவான்கரையில் இன்னும் ஒருவர் இருக்கிறார், அவரிடமும் கேட்டுப் பார்த்த பிறகுதான் மையால் எழுதலாம் என்றார். அவள் மின்குமிழின் கீழ்ப் போய் நின்று, அவர் சொல்லச் சொல்ல, பெரிய ற-வா சிறிய ர-வா என்று கேட்டுக் கேட்டு அந்த மூன்று வரியையும் எழுதி, நாலாவது வரியில் அந்த ஒரு சொல்லை மட்டும் எழுதிவிட்டு, மிச்சத்தை விட்டுவைத்தாள்.